தூதர் நடத்திய பஞ்சாயத்து

அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தன் தூதர்கள் அனுப்பிய தந்திகளையும் கடிதங்களையும் தொகுத்துத் தானே வெளியிடும். 1861இல் தொடங்கிய வேலை, இன்றும் நடக்கிறது. பழைய தொகுதிகளெல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றைப் படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு. நினைவுக் குறிப்பு எழுத உட்காரும் மனிதர் தன்னைக் கொஞ்சம் செதுக்கிக்கொள்வார். தந்தி எழுதுகிறவருக்கு அதற்கு நேரம் கிடையாது. வெளியே துப்பாக்கிச் சத்தம், மேலிடம் பதிலுக்குக் காத்திருக்கிறது. மனதில் இருப்பது அப்படியே வந்து விழுந்துவிடும்.

1913 பிப்ரவரி 17 அன்று மெக்சிகோ நகரிலிருந்து வாஷிங்டனுக்குப் போன தந்தி அப்படிப்பட்டது. சாராம்சம் இவ்வளவுதான்: ஜெனரல் வெர்த்தா என்னிடம் ஆள் அனுப்பினார். மதேரோவைப் பதவியிலிருந்து அகற்றும் நடவடிக்கையை எந்த நேரமும் எதிர்பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, யோசனை எதுவும் சொல்லவில்லை. சட்டப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் எடுக்கக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதல்முறை படித்தபோது இதைச் சாதாரணமாகக் கடந்து போனேன். அப்புறம்தான் உறைத்தது. மதேரோ மெக்சிகோவின் குடியரசுத் தலைவர், தேர்தலில் வென்று வந்தவர். வெர்த்தா அவருடைய படைத்தளபதி. அந்த நிமிடம் தலைநகரில் கலகக்காரர்களுக்கு எதிராகத் தலைவருக்காகப் போரிட்டுக்கொண்டிருப்பவர், அதாவது போரிடுவதாக ஊரெல்லாம் நம்பிக்கொண்டிருப்பவர். அந்தத் தளபதி தன் துரோகத்தை ஒரு நாள் முன்பே அறிவிக்கிறார். யாருக்கு? அமெரிக்கத் தூதருக்கு. தூதர் அதைத் தான் நற்சான்றுப் பத்திரம் கொடுத்திருக்கும் தலைவரிடம் சொல்லவில்லை. தன் ஊருக்குத் தந்தி அடிக்கிறார்.

அந்தத் தூதரின் பெயர் ஹென்றி லேன் வில்சன். இந்தக் கதையில் இன்னொரு வில்சனும் வருகிறார், உட்ரோ வில்சன். அவர் அடுத்த மாதம் அமெரிக்கத் தலைவரானவர், இவருக்கு உறவும் கிடையாது. குழப்பம் வேண்டாம், நம்மவரை லேன் வில்சன் என்றே வைத்துக்கொள்வோம்.

இவர் எப்படித் தூதரானார் என்பது முக்கியம். தேர்வு எழுதி வரவில்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் பெரிய தூதர் பதவிக்குத் தேர்வே கிடையாது. கட்சிக்கு உழைத்தவர்களுக்கு, பணம் திரட்டிக் கொடுத்தவர்களுக்கு, தோற்றுப்போன மந்திரிகளுக்கு, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு எனப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கட்சி தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். லேன் வில்சன் 1857இல் இந்தியானா மாநிலத்தின் கிராஃபோர்ட்ஸ்வில்லில் பிறந்தவர். அப்பா நாடாளுமன்ற உறுப்பினர், பிறகு வெனிசுவேலாவுக்குத் தூதராகப் போய் 1867இல் அங்கேயே இறந்தார். அண்ணன் ஜான், வாஷிங்டன் மாநிலத்தின் செனட்டர். இவர் உள்ளூர்க் கல்லூரியில் படித்துவிட்டு, கொஞ்ச நாள் பத்திரிகை நடத்தி, மேற்கே ஸ்போகேன் நகருக்குப் போய் வக்கீல் தொழில், வங்கி, நிலம் வாங்கி விற்பது என்று வளர்ந்தார். 1893இன் நிதி நெருக்கடி அவரைக் கவிழ்த்தது. 1896 அமெரிக்கத் தலைவர் தேர்தலில் மெக்கின்லிக்காகப் பிரசாரம் செய்தார். மெக்கின்லி ஜெயித்தார். 1897இல் சிலி நாட்டுக்குத் தூதர் பதவி வந்தது.

தொழிலில் நொடித்துப்போனவர், கட்சித் தொண்டால் தூதரானவர் என்று சொன்னால் ஏளனமாகத் தொனிக்கும். ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இந்த வழியில் வந்தவர்களில் நல்ல தூதர்களும் இருந்திருக்கிறார்கள். சிலியில் ஏழாண்டு இருந்தார், பெரிய புகார் எதுவும் இல்லை. அப்புறம் பெல்ஜியம். மன்னர் இரண்டாம் லியோபோல்டு காங்கோவில் நடத்திய கொடுமைகள் உலகத்துக்குத் தெரியவந்து, 1908இல் பெல்ஜிய அரசே காங்கோவைத் தன் கையில் எடுத்துக்கொண்ட காலம் அது. நம்மவர் அறிக்கைகள் எழுதினார், விருந்துகளுக்குப் போனார். இதில் நிற்க எனக்கு ஒன்றுமில்லை. மெக்சிகோவுக்குப் போகலாம்.

டாஃப்ட் அமெரிக்கத் தலைவரானதும் லேன் வில்சனுக்கு மெக்சிகோ கிடைத்தது. 1910 தொடக்கத்தில் பொறுப்பேற்றார். அன்றைய மெக்சிகோவில் அமெரிக்காவின் பிரதிநிதிக்கு மட்டும்தான் முழுத் தூதர் என்ற தகுதி. பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின், கியூபா எல்லாம் அடுத்த படியில் இருக்கும் அமைச்சர் நிலைப் பிரதிநிதிகளைத்தான் வைத்திருந்தன. அதனால் வெளிநாட்டுத் தூதர் குழுவுக்கே இவர்தான் தலைவர். எல்லோர் சார்பிலும் பேசுகிற வாய்ப்பு பதவியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவர் வந்த ஆண்டு மெக்சிகோவின் விடுதலைப் போர் தொடங்கி நூறு ஆண்டு நிறைவு. போர்ஃபிரியோ டியாஸ் நாட்டை ஆளத் தொடங்கி முப்பது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. செப்டம்பர் முழுக்க விழா. ரயில் பாதைகளிலும் சுரங்கங்களிலும் எண்ணெயிலும் அமெரிக்கப் பணம் கொட்டிக் கிடந்தது. அமெரிக்கத் தூதர் சொன்னால் நடக்கும் என்ற நிலை. விழா முடிந்த இரண்டே மாதத்தில், நவம்பர் 20 அன்று, பிரான்சிஸ்கோ மதேரோ கிளர்ச்சிக்கு அழைப்பு விடுத்தார். 1911 மே மாதம் டியாஸ் பதவி விலகிக் கப்பலேறினார். நவம்பரில் மதேரோ தலைவரானார்.

மதேரோ குள்ளமான மனிதர். கோவாய்லா மாநிலத்துப் பெரும் பணக்காரக் குடும்பம், பாரிஸிலும் கலிபோர்னியாவிலும் படிப்பு. மது தொடமாட்டார், மாமிசம் சாப்பிடமாட்டார், ஆவிகளோடு பேசுவதில் நம்பிக்கை உள்ளவர். எதிரிகளை மன்னிப்பது அவருக்குக் கொள்கை. பழைய ஆட்சியின் ராணுவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தன்னை ஜெயிக்க வைத்த கிளர்ச்சிக்காரர்களைக் கலைந்து போகச் சொன்னார். நிலம் கேட்ட விவசாயிகளின் தலைவர் சபாட்டா தெற்கில் அவருக்கு எதிராகவே திரும்பினார். ஆட்சி தடுமாறியது உண்மை. இதில் லேன் வில்சன் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர் எழுதிய தொனி வேறு. மதேரோ ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே அவருடைய தந்திகளில் நாடு எரிகிறது, அமெரிக்கர்களின் உயிருக்கும் சொத்துக்கும் பாதுகாப்பில்லை, அரசு விழப்போகிறது என்பதே பல்லவி. மதேரோவுக்குச் சித்த சுவாதீனம் இல்லை என்று சக தூதர்களிடமே பேசியதாகப் பதிவுகள் இருக்கின்றன. மதேரோ தரப்புக்கும் இவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. 1912 நவம்பர் தேர்தலில் டாஃப்ட் தோற்று உட்ரோ வில்சன் ஜெயித்தார். 1913 மார்ச் 4 அன்று புதுத் தலைவர் பொறுப்பேற்பார், பழைய கட்சியின் தூதர் வீட்டுக்குப் போவார், அதுவரை பொறுத்துக்கொள்வோம் என்பது மதேரோவின் கணக்கு. கணக்கு சரிதான். நாள்தான் போதவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு, விடியும் முன். ஜெனரல் மொந்த்ராகோன் தலைமையில் ஒரு படைப் பிரிவு கிளம்பி, சிறையிலிருந்த இரண்டு பேரை விடுவித்தது. ஒருவர் ஜெனரல் பெர்னார்டோ ரேயஸ். இன்னொருவர் பெலிக்ஸ் டியாஸ், பழைய சர்வாதிகாரியின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. ஏற்கெனவே கலகம் செய்து பிடிபட்ட இருவரையும் மதேரோ கொல்லாமல் விட்டிருந்தார். ரேயஸ் குதிரையேறி தேசிய மாளிகை வாசலுக்கே வந்தார், வாசலிலேயே சுடப்பட்டு விழுந்தார். மாளிகையைக் காத்த தளபதி வில்லார் காயப்பட்டார். மதேரோ சப்புல்தெபெக் கோட்டையிலிருந்து ராணுவக் கல்லூரி மாணவர்கள் சூழக் குதிரையில் நகருக்குள் வந்தார். அந்தப் பயணத்தை மெக்சிகோ ராணுவம் இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 9 அன்று கொண்டாடுகிறது. வழியில் அவர் செய்த ஒரு காரியத்தைத்தான் யாரும் கொண்டாட முடியாது. வில்லாரின் இடத்தில் வெர்த்தாவை நியமித்தார்.

தப்பிய கலகக்காரர்கள் சியூதாதேலா என்ற பழைய ஆயுதக் கிடங்குக்குள் புகுந்துகொண்டார்கள். பத்து நாள் பீரங்கிச் சண்டை. வேடிக்கை என்னவென்றால், இரு பக்கக் குண்டுகளும் எதிரியை விட வீடுகளைத்தான் அதிகம் தாக்கின. தெருவில் பிணங்களைக் குவித்து எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். வெர்த்தா தனக்குப் பிடிக்காத, மதேரோவுக்கு விசுவாசமான குதிரைப்படைகளைத் திறந்த வெளியில் துப்பாக்கிகளுக்கு முன்னால் அனுப்பிச் சாகவிட்டார். சண்டை இழுத்துக்கொண்டே போக வேண்டும், நகரம் அலுத்துப்போய் யாராவது முடித்துவைத்தால் சரி என்று சொல்லும் நிலைக்கு வர வேண்டும் என்பதுதான் திட்டம்.

லேன் வில்சனுக்கும் சேர வேண்டியதைச் சேர்க்க வேண்டும். தூதரகத்தை அகதிகளுக்குத் திறந்துவிட்டார். வெளிநாட்டவரைப் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்ற வண்டி ஏற்பாடு, சாப்பாடு, தந்தி வசதி எல்லாம் அங்கேதான் நடந்தது. குண்டு பாயும் தெருக்களில் காரில் கொடியோடு போய்வந்தார். தைரியம் இல்லாத ஆள் இல்லை.

இனித்தான் தந்திகள் சுவாரசியம். பிப்ரவரி 11 அன்று வாஷிங்டனிடம் ஒரு அதிகாரம் கேட்கிறார். மெக்சிகோ அரசிடமும் கலகக்காரர்களிடமும் கடுமையாக, தேவைப்பட்டால் மிரட்டும் தொனியிலேயே பேச உத்தரவு வேண்டும். அது கையில் இருந்தால் சண்டையை நிறுத்த இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர முடியும். வெளியுறவுச் செயலர் ஃபிலாந்தர் நாக்ஸ் மறுத்துவிட்டார். மிரட்டினால் பிறகு படையை இறக்கியே தீர வேண்டிய நிலை வரும், அதற்கு டாஃப்ட் தயாரில்லை.

ஆக, கேட்ட அதிகாரம் கிடைக்கவில்லை. மறுநாள் முதல் அந்த அதிகாரம் இருப்பது போலவே நடந்துகொண்டார். இந்த மனிதரின் முழுக் கதையும் எனக்கு இங்கேதான் இருக்கிறது.

12ஆம் தேதி ஜெர்மனி, ஸ்பெயின் பிரதிநிதிகளோடு மாளிகைக்குப் போய் மதேரோவிடம் கண்டனம் தெரிவித்தார். பிறகு பிரிட்டன், ஜெர்மனி, ஸ்பெயின் பிரதிநிதிகளைத் தூதரகத்துக்கு அழைத்துக் கலந்து பேசினார். லத்தீன் அமெரிக்க நாடுகளின் பிரதிநிதிகளை அழைக்கவில்லை. அவர்கள் மதேரோ பக்கம் சாய்வார்கள் என்று தெரியும். 15ஆம் தேதி ஸ்பெயின் பிரதிநிதி கொலோகன் மாளிகைக்குப் போனார். நீங்கள் பதவி விலகினால் நல்லது என்று சக தூதர்கள் நினைக்கிறார்கள் என்று தயக்கத்தோடு சொன்னார். மதேரோவின் பதில் சுருக்கமானது: உள்நாட்டு விஷயத்தில் தலையிட வெளிநாட்டுப் பிரதிநிதிகளுக்கு உரிமை கிடையாது, செத்தாலும் பதவியில் இருந்தே சாவேன்.

அமெரிக்கப் படை இறங்கப்போகிறது என்ற பேச்சு நகரில் அதற்குள் பரவியிருந்தது. மதேரோ நேராக டாஃப்டுக்கே தந்தி அடித்தார். படை இறக்க உத்தரவிட்டதாக வந்த செய்தி சரியல்ல என்று டாஃப்ட் பதில் அனுப்பினார். அதாவது தூதர் ஒன்று சொல்கிறார், தூதரை அனுப்பியவர் வேறு சொல்கிறார். சாதாரண நாளாக இருந்தால் தூதரின் மரியாதை அன்றோடு போயிருக்கும். ஆனால் அந்தத் தந்தியை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? தூதரகத்தின் வாசலில் கொடியோடு நிற்கும் காரை ஊரே பார்த்தது.

17ஆம் தேதி இரவு தலைவரின் தம்பி குஸ்தாவோ மதேரோவுக்கு விஷயம் எட்டியது. வெர்த்தாவைத் துப்பாக்கி முனையில் பிடித்து அண்ணனிடம் கொண்டுவந்து நிறுத்தினார். வெர்த்தா சத்தியம் செய்தார். மதேரோ நம்பினார். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து, விசுவாசத்தை நிரூபிக்க 24 மணி நேரம் கொடுத்தார். தூதருக்கோ அன்றே தகவல் வந்திருந்தது. யாராவது ஒருவர், தூதரகத்திலிருந்து ஒரே ஒரு ஆள், அன்றிரவு மாளிகைக்குப் போய் இந்தத் தந்தியில் இருப்பதைச் சொல்லியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

18ஆம் தேதி மதியம் வெர்த்தா குஸ்தாவோவை காம்ப்ரினஸ் உணவகத்துக்குச் சாப்பிட அழைத்தார். சாப்பாட்டு மேசையிலேயே குஸ்தாவோ கைதானார். அதே நேரத்தில் மாளிகையில் ஜெனரல் பிளான்கெட்டின் ஆட்கள் மதேரோவையும் துணைத் தலைவர் பினோ சுவாரெஸையும் பிடித்தார்கள். குஸ்தாவோவை அன்றிரவு சியூதாதேலாவிடம் ஒப்படைத்தார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு கண் கண்ணாடிக் கண். குடித்திருந்த சிப்பாய்கள் மற்ற கண்ணைக் குத்தி எடுத்துவிட்டு, அடித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே இரவு, அமெரிக்கத் தூதரகத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. லேன் வில்சன் வெர்த்தாவையும் பெலிக்ஸ் டியாஸையும் தன் இடத்துக்கு வரவழைத்து உட்கார வைத்திருந்தார். பத்து நாளாக ஒருவர்மீது ஒருவர் பீரங்கி வீசியதாக உலகம் நம்பிய இருவர், இப்போது யார் தலைவர், யாருக்கு எந்த மந்திரி என்று பேரம் பேசுகிறார்கள். பேச்சு முறிந்துவிடும் போலாகும். தூதர் சமாதானம் செய்து மறுபடி உட்கார வைப்பார். நம் ஊரில் கட்டப் பஞ்சாயத்து என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத ஒரு பெரிய மனிதர், இரு தரப்பையும் தன் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிட்டு, அங்கே இல்லாத மூன்றாவது ஆளின் சொத்தைப் பிரித்துக் கொடுப்பார். அங்கே நடந்தது அதுதான். சொத்து ஒரு நாடு. அதன் சட்டபூர்வத் தலைவர் சில மைல் தூரத்தில் ஓர் அறையில் காவலில் கிடக்கிறார், இன்னும் ராஜினாமாகூடச் செய்யவில்லை.

முடிவு இது: வெர்த்தா இடைக்காலத் தலைவர், மந்திரிசபை டியாஸின் விருப்பப்படி, பின்னால் வரும் தேர்தலில் டியாஸ் நிற்பார். ஆவணத்தில் சியூதாதேலா ஒப்பந்தம் என்று பெயர். மெக்சிகோவில் யாரைக் கேட்டாலும் தூதரக ஒப்பந்தம் என்றுதான் சொல்வார்கள். டியாஸுக்கு அந்தத் தேர்தல் வரவேயில்லை. சில மாதங்களில் வெர்த்தா அவரை ஜப்பானுக்குச் சிறப்புத் தூதராக அனுப்பி ஓரங்கட்டினார். பஞ்சாயத்துத் தீர்ப்புக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

19ஆம் தேதி மதேரோவும் பினோ சுவாரெஸும் உயிருக்கு உத்தரவாதம் என்ற பேச்சை நம்பி ராஜினாமா எழுதிக் கொடுத்தார்கள். அரசியல் சட்டப்படி அடுத்த வரிசை வெளியுறவு அமைச்சர் லஸ்குராயின். அவர் சுமார் முக்கால் மணி நேரம் தலைவராக இருந்தார். அந்த நேரத்தில் வெர்த்தாவை உள்துறை அமைச்சராக்கினார், ராஜினாமா செய்தார், வெர்த்தா தலைவரானார். எல்லாம் சட்டப்படி.

கியூபாவின் பிரதிநிதி மார்கெஸ் ஸ்டெர்லிங் ஒருவர்தான் இந்தக் கூட்டத்தில் மனிதராகத் தெரிகிறார். வெராகுரூஸ் துறைமுகத்தில் கியூபாவின் போர்க்கப்பல் நிற்கிறது, கைதிகளை அதில் ஏற்றி அனுப்புங்கள் என்று கேட்டார். ரயில் புறப்படும் என்று சொன்னார்கள். 19ஆம் தேதி இரவு, தான் கூட இருந்தால் கொல்லமாட்டார்கள் என்று மாளிகையின் காவல் அறையிலேயே கைதிகளோடு தங்கினார். நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத்தான் படுக்கை. ரயில் கிளம்பவில்லை. இதையெல்லாம் 1917இல் அவரே நூலாக எழுதினார். ஜப்பான் பிரதிநிதி ஹோரிகுச்சி, மதேரோவின் பெற்றோரையும் குடும்பத்தையும் தன் அலுவலகத்தில் வைத்துக் காப்பாற்றினார். (இவருடைய மகன் தாய்காகு பின்னாளில் ஜப்பானின் பெரிய கவிஞரானார். அந்த வாரம் அவரும் அங்கேதான் இருந்தார்.) கியூபாவும் ஜப்பானும் செய்ததைச் செய்ய அமெரிக்காவுக்குப் படை தேவையில்லை, பணம் தேவையில்லை. ஒரு சொல் போதும்.

அந்தச் சொல்லைத்தான் வெர்த்தா கேட்டார். முன்னாள் தலைவரை நாடு கடத்துவதா, மனநல விடுதியில் போடுவதா என்று தூதரிடம் யோசனை கேட்டார். நாட்டின் அமைதிக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள் என்றார் லேன் வில்சன். இதை எதிரிகள் கட்டிவிடவில்லை, அவரே வாஷிங்டனுக்குத் தந்தியில் சொல்கிறார். நாக்ஸுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். வெர்த்தா உங்களிடம் யோசனை கேட்டதால் இந்த விஷயத்தில் உங்களுக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது என்று பதில் அனுப்பினார். அரசாங்க மொழியில் இதைவிடப் பலமாகக் கன்னத்தில் அறைய முடியாது. அறை உறைக்கவில்லை.

20ஆம் தேதி மதேரோவின் மனைவி சாரா பெரெஸ் தூதரகத்துக்கு வந்தார். 1916இல் அவர் அளித்த வாக்குமூலம் இருக்கிறது. கணவரின் உயிரைக் காப்பாற்றச் செல்வாக்கைப் பயன்படுத்துங்கள் என்று கேட்டார். தன் மாமியார் டாஃப்டுக்கு எழுதிய தந்தியை அனுப்பித் தரச் சொன்னார். உங்கள் கணவர் விழுந்ததற்குக் காரணம் என்னைக் கலந்தாலோசிக்காததுதான் என்று தூதர் சொன்னதாகச் சாரா நினைவுகூர்கிறார். மற்ற நாட்டுப் பிரதிநிதிகள் எவ்வளவோ முயல்கிறார்களே என்றதற்கு, அவர்களுக்கு ஏது செல்வாக்கு என்றாராம். துணைத் தலைவருக்காகவும் பேசினார் சாரா. பினோ சுவாரெஸ் கெட்ட மனிதர் என்று பதில் வந்தது. இது ஒரு தரப்பின் சாட்சியம்தான். ஆனால் “என்னைக் கேட்கவில்லை” என்ற அந்தக் குறை அவருடைய தந்திகள் முழுக்கக் கேட்கும் குரல்தான் என்பதால் நான் நம்புகிறேன்.

22ஆம் தேதி ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள். தூதரகத்தில் வழக்கமான வரவேற்பு, புதுத் தலைவர் வெர்த்தாவும் வந்திருந்தார். அன்றிரவே மதேரோவையும் பினோ சுவாரெஸையும் சிறைக்கு மாற்றுகிறோம் என்று காரில் ஏற்றினார்கள். மேஜர் கார்தெனாஸின் ஆட்கள் லெகும்பேரி சிறையின் பின்பக்கச் சுவர் ஓரம் இறக்கிச் சுட்டார்கள். மீட்க வந்த கும்பலோடு நடந்த சண்டையில் செத்தார்கள் என்று அரசு அறிவித்தது. தூதர் அந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்றே மேலிடத்துக்கு எழுதினார். மெக்சிகோ முழுக்க இருந்த அமெரிக்கத் துணைத் தூதர்களிடம் புது அரசுக்கு ஆதரவு திரட்டும்படியும் சொல்லியிருந்தார். தூதர் குழுவின் தலைவர் என்ற முறையில் வெர்த்தாவுக்கு வாழ்த்துரை வாசித்தவரும் அவர்தான். வாஷிங்டனோ அந்த அரசை அங்கீகரிக்கவேயில்லை.

மார்ச் 4 வந்தது. உட்ரோ வில்சன் தலைவரானார். ஆனால் லேன் வில்சனை உடனே மாற்றவில்லை, ஜூலை வரை விட்டுவைத்தார். அங்கீகரியுங்கள், அங்கீகரியுங்கள் என்று தந்திகள் வந்துகொண்டே இருந்தன. புதுத் தலைவருக்குத் தன் தூதர்மேலேயே நம்பிக்கை இல்லாததால், வில்லியம் பேயார்ட் ஹேல் என்ற பத்திரிகையாளரை ரகசியமாக அனுப்பி விசாரித்தார். ஹேலுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. இருந்தும் ஜூன் மாதம் அவர் அனுப்பிய அறிக்கையின் சாரம் இன்றுவரை நிற்கிறது: தூதரின் ஆதரவு இல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கலகம் தோற்றிருக்கும். ஜூலையில் லேன் வில்சனைத் திரும்ப அழைத்தார்கள். பதவி அத்தோடு போயிற்று.

ஏன் செய்தார்? குகன்ஹைம் சுரங்கக் குடும்பத்துக்காகச் செய்தார் என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. மதேரோ குடும்பத்துக்கும் உலோக உருக்காலைகள் இருந்தன, தொழிலில் போட்டி இருந்தது, கதை பொருந்தத்தான் செய்கிறது. எனக்கு அது தேவையாகப் படவில்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர் சத்தம் போடாமல் செய்வார். இவர் ஒவ்வொன்றையும் பெருமையோடு தந்தியில் எழுதி அனுப்புகிறார், பாராட்டு வரும் என்று எதிர்பார்க்கிறார். தன்னைக் கேட்காமல் ஆளும் ஒருவரைப் பொறுத்துக்கொள்ள முடியாத மனிதர், வாஷிங்டனில் பழைய அரசு கிளம்பிக்கொண்டிருந்து புது அரசு இன்னும் வராத மூன்று வாரத்தில், கேள்வி கேட்க ஆளில்லாமல் மாட்டிக்கொண்டார். டாஃப்ட் கிளம்பும் மனநிலையில் இருந்தார். நாக்ஸ் மறுத்தார், ஆனால் அடக்கவில்லை. வெர்த்தாவுக்கோ அமெரிக்கா தன் பக்கம் என்று காட்ட ஒரு முகம் வேண்டும். கிடைத்தது.

பிறகு நடந்ததற்கு இவர் ஒருவரே காரணம் என்று எழுதினால் வெர்த்தாவும் மொந்த்ராகோனும் பிளான்கெட்டும் தப்பிவிடுவார்கள். துப்பாக்கி பிடித்தவை மெக்சிகோக் கைகள்தான். ஆனால் கோவாய்லா ஆளுநர் கர்ரான்சா பிப்ரவரி 19 அன்றே வெர்த்தாவை ஏற்க மறுத்தார். வடக்கில் கிளர்ச்சித் தலைவர் பஞ்சோ வில்லா, தெற்கில் சபாட்டா எனப் போர் மறுபடி பற்றியது. 1914 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை வெராகுரூஸில் இறங்கியது, இம்முறை வெர்த்தாவை விரட்டுவதற்காக. தன் தூதர் கட்டிய வீட்டை இடிக்க அமெரிக்காவே ஆள் அனுப்பியது. ஜூலையில் வெர்த்தா ஓடினார்.

1924இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்து தூதரகப் பணியையும் துணைத் தூதர் பணியையும் ஒன்றாக்கி, தேர்வு, பதவி உயர்வு, ஓய்வூதியம் என்று ஒழுங்குபடுத்தியது. அதற்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு, நம்மவரால்தான் வந்தது என்று சொல்லமாட்டேன். அந்தச் சட்டத்துக்குப் பிறகும் உச்சியில் இருக்கும் தூதர் பதவிகள் கட்சி நன்கொடையாளர்களுக்குப் போவது நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை.

லேன் வில்சன் 1920இல் செனட் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1927இல் நினைவுக் குறிப்பு எழுதினார். 1932 டிசம்பரில் இண்டியானாபொலிஸ் நகரில் இறந்தார். நினைவுக் குறிப்பில் அந்தத் தூதரக இரவைப் பற்றிப் பேசும்போது, ஆண்டுக்கணக்கில் யோசித்துப் பார்த்த பிறகும், அதே நிலைமை மறுபடி வந்தால் அதே காரியத்தைத்தான் செய்வேன் என்கிறார். நினைவுக் குறிப்பில் மனிதர்கள் தங்களைச் செதுக்கிக்கொள்வார்கள் என்று சொன்னேன் அல்லவா, இந்த வரியில் அவர் அதைச் செய்யவில்லை. 1913இன் தந்திகளை எழுதிய அதே ஆள்தான்.